தினமும் 4 மணி நேரம் போனில் போனால் அது அடிமைத்தனமா?

கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருந்தார். வயது 24. போன் காட்டும் கணக்குப்படி தினமும் 4 மணி நேரத்துக்கு மேல் இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் போகிறது. சில மாதங்களாக மனசு சரியில்லை, தூக்கமும் கெட்டுவிட்டது. இது அடிமைத்தனமா, மனச்சோர்வுக்கு இதுதான் காரணமா, எல்லா சமூக ஊடகக் கணக்கையும் அழித்துவிட்டால் சரியாகுமா என்று மூன்று கேள்விகள். போகிற போக்கில் நான்காவதாக ஒன்று: 13 வயதுத் தங்கையும் இப்படித்தான் இருக்கிறாள், போனைப் பிடுங்கிவிடலாமா?

அந்த 4 மணி நேரத்தை முதலில் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மணிக்கணக்கை மட்டும் பார்த்து யாரையும் அடிமை என்று சொல்லிவிட முடியாது. நண்பர்களை விட்டுத் தொலைவில் இருப்பவர் தினமும் 2 மணி நேரம் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம். பதிவு போடுவதே வேலையாக இருப்பவருக்கு 6 மணி நேரம்கூட ஆகும். இன்னொருவர் மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான் பார்ப்பார். ஆனால் அது பரீட்சைக்கு முந்தின ராத்திரி, வண்டி ஓட்டும்போது, எதிரில் உட்கார்ந்து ஒருவர் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது என்று போகும். இந்த மூவரில் எனக்குக் கவலை தருபவர் கடைசி ஆள்தான்.

"3 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து" என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் அப்போதைய சர்ஜன் ஜெனரல், அதாவது அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர், விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரையால் பரவிய எண் அது. தினமும் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனநலப் பிரச்சினைகள் வரும் அபாயம் இரு மடங்கு என்றது அது. எண் பொய்யில்லை. ஆனால் அதற்கு அடிப்படையான ஆய்வு 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. நேரத்தையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டார்கள். மனிதர்கள் தாங்களாகச் சொல்லும் நேரத்துக்கும் போன் பதிவுசெய்யும் நேரத்துக்கும் சுமாரான பொருத்தம்தான் இருக்கிறது என்று 2021இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் காட்டினார்கள். நீங்கள் போனைத் திறந்து பார்த்துச் சொல்கிறீர்கள். அந்த வகையில் உங்கள் எண்ணை அதிகமாகவே நம்பலாம்.

சரி, நேரத்தை வைத்து அளக்கக் கூடாது என்றால் வேறு எதை வைத்து அளப்பது?

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கேள்வித்தாள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 2012இல் பேஸ்புக்குக்கு மட்டும் என்று ஆரம்பித்து, பிறகு எல்லா சமூக ஊடகத்துக்கும் சேர்த்து விரித்தார்கள். ஆறே கேள்விகள்தான், கடந்த ஓராண்டை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். போன் கையில் இல்லாதபோதும் அதே நினைப்பாக இருக்கிறதா? முன்பு போதுமானதாக இருந்த அளவு இப்போது போதாமல் இன்னும் இன்னும் என்று இழுக்கிறதா? சொந்தக் கவலைகளை மறப்பதற்காக அதைத் திறக்கிறீர்களா? குறைக்க வேண்டும் என்று முயன்று தோற்றிருக்கிறீர்களா? பார்க்க முடியாமல் போனால் இருப்புக் கொள்ளாமல் எரிச்சல் வருகிறதா? வேலையோ படிப்போ அதனால் கெட்டிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டினால் 6இல் இருந்து 30 வரை வரும். ஹங்கேரியில் சுமார் 6,000 வளரிளம் பருவத்தினரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தவர்கள் 19ஐ எல்லைக்கோடாகப் பரிந்துரைத்தார்கள், அங்கே 4.5 சதவீதம் பேர் ஆபத்தான பிரிவில் வந்தார்கள். வேறு நாடுகளில் வேறு கோடு போடுகிறார்கள். அதனால் மொத்த மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்படாதீர்கள். எந்தக் கேள்வியைப் படித்தபோது உள்ளே சுருக்கென்றது என்று பாருங்கள்.

என் அனுபவத்தில் நான்காவது கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் எடை அதிகம். மற்றவற்றுக்குப் புதிதாகக் காதலில் விழுந்தவர்கூட ஆமாம் என்றுதான் சொல்வார். குறைக்க நினைத்தும் முடியவில்லை, அதனால் கண்ணெதிரே ஒரு பொறுப்பு கெட்டுப்போகிறது, அப்படியும் நிறுத்த முடியவில்லை என்று மூன்றும் சேர்ந்தால்தான் ஆய்வாளர்கள் "பிரச்சினைக்குரிய பயன்பாடு" என்று சொல்லும் இடத்துக்கு வருகிறோம். அவர்கள் "அடிமைத்தனம்" என்று எழுதத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு அதில் இருக்கிறது, சமூக ஊடகத்துக்குத் தனியாக ஒரு நோய்ப் பெயர் இல்லை. ஆகவே இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பிவிட்டு "எனக்கு இந்த நோய்" என்று முத்திரை குத்திக்கொள்ள வேண்டியதில்லை. நோய்ப் பெயர் இல்லை என்பதால் கஷ்டமும் இல்லை என்று ஆகிவிடாது, அது வேறு விஷயம்.

நேரமும் பிரச்சினையும் தனித்தனி என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுள்ள ஏறத்தாழ 2,80,000 பிள்ளைகளிடம் கேட்டது. பிரச்சினைக்குரிய பயன்பாட்டின் அறிகுறிகள் 2018இல் 7 சதவீதம் பேரிடம் இருந்தன. 2022இல் 11 சதவீதம். தலைப்புச் செய்தி ஆனது இதுதான். உள்ளே இருந்த இன்னொரு முடிவைப் பலர் கவனிக்கவில்லை: நிறைய நேரம் பயன்படுத்தினாலும் பிரச்சினைக்குரிய அறிகுறிகள் இல்லாத பிள்ளைகளுக்கு நண்பர்களின் ஆதரவும் நெருக்கமும் நன்றாகவே இருந்தன. போனில் மூழ்கியிருக்கும் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே கூட்டமாகப் பார்த்தால் இது கண்ணில் படாது.

இனி இரண்டாவது கேள்வி. மனச்சோர்வுக்கு இதுதான் காரணமா? ஆய்வாளர்களே இங்கே ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளை எடுத்தார்கள், மொத்தம் 3,55,358 வளரிளம் பருவத்தினர். அவர்களிடையே மனநலத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் அதே தரவில் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை" என்று ஒரு தரப்பு கிளம்பிவிட்டது.

அது அவசரம். அவர்கள் அளந்தது பெரும்பாலும் எவ்வளவு நேரம் என்பதைத்தான், கட்டுப்பாடு இழந்ததை இல்லை. அதோடு அது எல்லாருக்குமான சராசரி. பத்துப் பேரில் நாலு பேருக்கு நல்லது நடந்து, ஒருவருக்கு ரொம்பவே மோசமாகி, மிச்சப் பேருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நெதர்லாந்தில் 63 பிள்ளைகளை ஒரு வாரம், ஒரு நாளில் பல தடவை போனிலேயே கேள்வி கேட்டுப் பின்தொடர்ந்தார்கள். சும்மா பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 சதவீதம் பேருக்கு மனநிலை மேம்பட்டது, 10 சதவீதம் பேருக்கு மோசமானது, மீதிப் பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் "சமூக ஊடகம் நல்லதா கெட்டதா" என்ற கேள்வியே ஏன் சரியில்லை என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. யாருக்கு, எந்த மாதிரிப் பயன்பாடு என்றுதான் கேட்க வேண்டும்.

அடுத்தது, எது முதலில் வந்தது என்ற சிக்கல். கனடாவில் பள்ளி, கல்லூரி மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், சமூக ஊடகப் பயன்பாடு பிற்கால மனச்சோர்வை முன்கூட்டிக் காட்டவில்லை. தலைகீழாக, மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த வளரிளம் பெண்கள் பிற்பாடு அதிகமாகப் பயன்படுத்தினார்கள். அதாவது மனசு சரியில்லாததால் போனை எடுத்தார்கள். நெதர்லாந்தில் 2,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு 2021இல் வந்தது. அதிக நேரம் பயன்படுத்துவது ஓராண்டு கழித்து வந்த மனநிலையைத் தொடவில்லை. ஆனால் கட்டுப்பாடு இழந்த பயன்பாடு இருந்தவர்களுக்கு ஓராண்டில் மனச்சோர்வு அறிகுறிகள் கூடின, வாழ்க்கை மீதான திருப்தி குறைந்தது. இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தனிமை, கவனக்குறைபாட்டுக் கோளாறு, ஏற்கெனவே உள்ள பதற்றம் ஆகியவை இருப்பவர் ஆறுதல் தேடிப் போனை எடுக்கிறார், அது ஒருகட்டத்தில் கைமீறுகிறது, கைமீறியது தூக்கத்தையும் வேலையையும் தின்கிறது, மனசு இன்னும் கீழே போகிறது, மறுபடி போன்.

பேஸ்புக்கே இல்லாத காலத்தில் இருந்து பார்க்க முடிந்தால் இன்னும் தெளிவாக இருக்குமே என்று நினைப்பீர்கள். ஒருவிதத்தில் அது நடந்திருக்கிறது. 2004இல் ஹார்வர்டில் தொடங்கிய பேஸ்புக், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போனது. முன்னால் கிடைத்த கல்லூரி, பின்னால் கிடைத்த கல்லூரி என்று பிரித்து, அதே காலத்தில் எடுக்கப்பட்ட மாணவர் உடல்நலக் கணக்கெடுப்போடு சேர்த்துப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள் 2022இல் முடிவை வெளியிட்டார்கள்: பேஸ்புக் வந்த கல்லூரிகளில் மனநலம் கொஞ்சம் மோசமானது. காரணமாக அவர்கள் சுட்டியது ஒப்பீட்டை. ரீல்ஸும் இல்லாத, அல்காரிதம் ஊட்டும் வீடியோவும் இல்லாத அந்தப் பழைய பேஸ்புக்கிலேயே இப்படி.

சமூக ஊடகம் மனசுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆய்வுகூடமே வேண்டாம். ஒரு போட்டோவைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். இரண்டு நிமிடத்தில் கை தானாகப் போகிறது. மூன்று லைக். மறுபடி கவிழ்த்து வைக்கிறீர்கள். இப்போது ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை பதினேழு, கூடவே நீங்கள் எதிர்பார்த்த அந்த ஒருவரின் பெயர். எப்போது வரும் என்று தெரியாமல் வரும் பரிசுக்குத்தான் உயிரினங்கள் விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டிவிட்டார். ஒவ்வொரு முறையும் நிச்சயமாகப் பரிசு வந்திருந்தால் உங்களுக்கு எப்போதோ சலித்திருக்கும். முன்பெல்லாம் பக்கம் முடிந்தால் "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அங்கே ஒரு நொடி நின்று யோசிக்க இடம் கிடைத்தது. 2006இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லா ஸ்க்ரோல் அந்த ஒரு நொடியை எடுத்துவிட்டது. பிற்பாடு அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

(இதை டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பெயரில், ஒரே சொல்லில் அடக்கி, ஒரு நாள் போன் இல்லாமல் இருந்தால் மூளை கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிடும் என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அதையும் ஷார்ட்ஸில்தான் பார்த்திருப்பீர்கள்.)

ஒப்பீடு இன்னொரு வழி. தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுத்தான் மனிதன் தன்னை மதிப்பிடுகிறான் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதினார். அப்போது ஒப்பிடக் கிடைத்தவர்கள் பக்கத்து வீட்டார், வகுப்பு நண்பர்கள். அவர்கள் நன்றாக உடுத்தியதையும் பார்த்தோம், வாடி வதங்கியதையும் பார்த்தோம். இப்போது ஆயிரக்கணக்கானவர்களின் நல்ல நாள் மட்டும் வரிசையாக வருகிறது. "இதெல்லாம் ஃபில்டர், பொறுக்கி எடுத்துப் போடுவது" என்று நமக்குத் தெரியாமலா? தெரியும், இருந்தும் வலிக்கும். 2021இல் பேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றிய தாழ்வெண்ணத்தை இன்ஸ்டாகிராம் மூன்றில் ஒரு டீன்ஏஜ் பெண்ணுக்கு இன்னும் மோசமாக்குகிறது என்று அந்த நிறுவனமே தன் உள்ளறிக்கையில் குறித்து வைத்திருந்தது தெரிந்தது. ஏற்கெனவே அந்த எண்ணம் இருந்த பெண்களைப் பற்றிய கணக்கு அது என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்தப் பதில் எனக்குப் பெரிய ஆறுதலாகப் படவில்லை.

மூன்றாவது வழி தூக்கம், உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவதும் இதைத்தான். நீல ஒளி, நீல ஒளி என்கிறார்கள். அதைவிடப் பெரிய திருட்டு நேரம்தான். 11 மணிக்குப் படுத்தவர் "இன்னும் ஒன்று" என்று 1 மணி ஆக்கிவிடுகிறார். காலை வேலைக்கு எழுந்தே ஆக வேண்டும். இப்படி இரண்டு மாதம் தூக்கம் கெட்டால், போனே தொடாதவருக்கும் மனசு சோர்ந்துதான் போகும். உங்கள் 4 மணி நேரத்தில் எவ்வளவு படுக்கையில் போகிறது என்று பாருங்கள், போனிலேயே மணிவாரியாகத் தெரியும். பகலில் போகும் இரண்டு மணி நேரத்தைவிட அந்த ராத்திரி ஒரு மணி நேரம் உங்களைக் கெடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கணக்கை அழித்தால் சரியாகுமா? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் ஒரு குழுவுக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் பேஸ்புக்கை முடக்கச் சொன்னார்கள். தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிறைவு கூடியது, ஆனால் சிறிதளவுதான். குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருந்த நேரம் கூடியது, தனியாக டிவி பார்த்த நேரமும் சேர்த்துத்தான். சோதனை முடிந்த பிறகும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள் என்பது எனக்குப் பிடித்த முடிவு.

அதே 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து வேறு மாதிரி செய்தார்கள். அழிக்கச் சொல்லவில்லை. ஒரு குழு வழக்கம்போல் இருந்தது. இன்னொரு குழு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 10 நிமிடம் என்று மூன்று வாரம் இருந்தது. ஐபோனின் பேட்டரிக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும், ஏமாற்ற வழியில்லை. குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன, ஆரம்பத்தில் மனச்சோர்வு அதிகம் இருந்தவர்களுக்குப் பலன் நன்றாகத் தெரிந்தது. சுவாரசியம் என்னவென்றால், எதையும் குறைக்காத குழுவிலும் பதற்றம் கொஞ்சம் இறங்கியது. தினமும் தன் பயன்பாட்டு நேரத்தைத் தானே பார்த்ததே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள்.

ஆகவே ஒரேயடியாக அழிக்க வேண்டாம் என்பேன். அழித்தவர்களில் பலர் வாரக் கடைசியில் புதுக் கணக்கோடு திரும்பி வந்து, தோற்றுவிட்டோம் என்ற குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். முதலில் படுக்கையறையில் இருந்து போனை வெளியேற்றுங்கள். அலாரத்துக்குத்தான் போன் என்றால் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். மனிதர்கள் நேரடியாக அனுப்பும் செய்திகளைத் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பார்த்து முடித்ததும் மனசு கனக்கிற கணக்குகளை மியூட் செய்யுங்கள்; அன்ஃபாலோ செய்தால் தெரிந்துவிடுமே என்ற சங்கடமும் இல்லை. ஷார்ட்ஸை மட்டும் நிறுத்த முடியவில்லை என்றால் ஆப்பை எடுத்துவிட்டு பிரவுசரில் பாருங்கள், முடித்ததும் லாக்அவுட் செய்துவிடுங்கள்; ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு போட வேண்டிய அந்த எரிச்சல் உங்களுக்கு நன்மை. திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்குவது சிலருக்கு உதவும், பலருக்கு நான்கு நாளில் பழகிவிடும்.

மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வெறும் நேரம் கையில் இருந்தால் கை பழைய இடத்துக்குத்தான் போகும்.

இதையெல்லாம் நாலைந்து வாரம் செய்த பிறகும் மனசு தேறவில்லை என்றால் போனை விட்டுவிட்டு மனசைக் கவனிக்க வேண்டும். சமூக ஊடகப் பழக்கத்தை மாற்ற முயன்ற 23 ஆய்வுகளை 2023இல் தொகுத்துப் பார்த்தபோது, சும்மா குறைப்பதையும் நிறுத்துவதையும்விட, எண்ண-நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்ற உதவும் பேச்சு வழிச் சிகிச்சை) போன்ற முறையான சிகிச்சையின் பகுதியாகச் செய்தது அதிகம் பலன் தந்தது. எதிலும் நாட்டம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது, பசியும் தூக்கமும் மாறிவிட்டன, வேலைக்குப் போகவே முடியவில்லை என்றால் அதற்கு முன்பேகூட மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் "ஸ்க்ரோலிங் பிரச்சினை" என்று மட்டும் சொல்லாமல் மனசு சரியில்லாததையும் சொல்லுங்கள். பல பேர் போனைப் பற்றிச் சொல்லிவிட்டு மனச்சோர்வை மறைத்துவிடுவார்கள்.

கடைசியாக உங்கள் தங்கை. 13 வயது என்பதால் அவள் விஷயத்தில் கவனம் கூடுதலாகவே வேண்டும். பிரிட்டன் தரவை வைத்து 2022இல் வந்த ஆய்வில், அதிகப் பயன்பாடு அடுத்த ஆண்டின் வாழ்க்கைத் திருப்தியைக் குறைக்கும் வயதாகப் பெண்களுக்கு 11 முதல் 13, ஆண்களுக்கு 14, 15, பிறகு இரு பாலருக்கும் 19 தெரிந்தன. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அதன் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். ஆனால் நீங்கள் திடீரென்று பிடுங்கினால், அடுத்த முறை ஏதாவது கோளாறு என்றால் அவள் உங்களிடம் வர மாட்டாள். ராத்திரி எல்லார் போனும் ஒரே இடத்தில் வெளியே சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும்தான். அவள் யார் யாரைப் பார்க்கிறாள் என்று வேவு பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஆசையாகவே காட்டுவாள்.

இதில் ஒன்றை மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டாலே முகம் மாறுகிறது, நீங்கள் வந்தால் திரையை அணைக்கிறாள், பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள் என்றால் அதைப் பழக்கப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ அவளைச் சீண்டுகிறார்களா, போட்டோவைக் காட்டி மிரட்டுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். அப்படி இருந்தால் திட்ட வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அந்த ஆளை பிளாக் செய்து, பெற்றோரிடம் நீங்களே அவளோடு போய்ச் சொல்லுங்கள்.